அத்தையைக் கட்டிலிலிருந்து எழுப்புங்கள்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

"என் மாமியாருக்கு 73 வயது, எடை 48 கிலோ. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, பத்து வருஷமாக பிரஷர். மார்ச் கடைசியில் காய்ச்சல், இருமல் என்று ஆரம்பித்து நிமோனியாவில் முடிந்தது. ஐ.சி.யு.வில் ஒன்பது நாள், அதில் ஐந்து நாள் வென்டிலேட்டர். ஏப்ரல் 18 அன்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். 'பிழைச்சதே பெரிசு, இனி முழு ஓய்வுதான்' என்று எல்லாரும் சொன்னதால் மாடி அறையில் கட்டில் போட்டு, எல்லாமே படுக்கையில்தான். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அவர்கள் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் மாடி. ரவைக் கஞ்சியும் பால் கஞ்சியும் பாலாடைச் சங்கில் புகட்டுகிறோம். பிரஷருக்காக உப்பே சேர்ப்பதில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மூன்று வாரமாகியும் எழுந்து நிற்க முடியவில்லை, கால் இரண்டும் குச்சி மாதிரி ஆகிவிட்டன. ராத்திரியானால் வேறு ஆளாகிவிடுகிறார். இறந்துபோன மாமாவோடு பேசுகிறார். என்னைப் பார்த்து, 'நீ என் வளையலை எடுத்தவதானே?' என்கிறார். பக்கத்துத் தெரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். இப்போது மறுநாள் மதியம்வரை தூங்கி வழிகிறார். முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது. தெம்புக்கு வாரம் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார் நாத்தனார். மே கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கொடை விழா. அங்கேயே ஒரு மாதம் வைத்திருந்தால் ஊர்க்காற்றில் தேறிவிடுவார் என்பது அவர் கட்சி. கணவரோ 'உன் இஷ்டம்' என்கிறார். அத்தை 'ஊருக்குப் போகணும்' என்று அழுகிறார். ஏதாவது ஆனால் பழி என் மேல்தான் விழும். அத்தை பழையபடி ஆவாரா? நான் என்ன செய்யட்டும்?"

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'முழு ஓய்வு' என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. நீங்கள் எழுதியிருக்கும் கஷ்டங்களில் பாதிக்கு மேல் அந்தச் சொல்லிலிருந்து கிளைத்தவைதான். நிமோனியா மருத்துவமனையிலேயே அடங்கிவிட்டது. இப்போது அத்தையைக் கரைப்பது கட்டில். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உங்கள் அத்தை கடும் தொற்றோடும் வென்டிலேட்டரோடும் போராடி, அதன்மேல் வீட்டிலும் மூன்று வாரம் படுத்திருக்கிறார். கால் குச்சியாகாமல் என்ன செய்யும்? இதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை. மருத்துவமனையில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தவர்கள், எப்போது எழுப்பி உட்காரவைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

எழுப்புவதற்கு முன்னால், தள்ளிப்போடக் கூடாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரிக் குழப்பம்: முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

பகலில் ஓரளவு தெளிவு, இருட்டியதும் தடுமாற்றம், இல்லாதவர்களோடு பேச்சு. இதை மருத்துவத்தில் டெலிரியம் என்போம். ஐ.சி.யு.வில் இருந்து வந்த முதியவர்களிடம் இது மிகவும் சாதாரணம். பைத்தியமும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்றும் இப்போதே முடிவுகட்ட வேண்டாம். உடம்பில் எதுவோ சரியில்லை என்று மூளை அடிக்கும் மணி இது. அந்த 'எதுவோ' என்ன என்று தேடாமல் தூக்க மாத்திரை கொடுப்பது மணியின் வாயில் துணி அடைப்பதற்குச் சமம்.

நீங்கள் அனுப்பிய மாத்திரைப் பட்டியலில் எனக்கு மூன்று சந்தேகங்கள்.

கிளிமிபிரைடு கலந்த சர்க்கரை மாத்திரை காலையிலும் இரவிலும் போகிறது. ஆனால் சாப்பாடு முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. இந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். நடுராத்திரிப் பிதற்றலுக்கு அது காரணமாக இருக்கலாம். படுக்கும்முன் ஒரு முறை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறை, குழப்பம் வரும் நேரத்தில் ஒரு முறை என மூன்று நாள் சுகர் மிஷினில் பார்த்து எழுதிவையுங்கள். 70க்குக் கீழே இருந்தால், விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் மட்டும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் குழைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். 70க்குக் கீழே ஒரே ஒரு முறை வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இந்த உடல்நிலையில் சாப்பாட்டுக்கு முன் 100 முதல் 150 வரை இருந்தால் தாராளமாகப் போதும். 110ஐத் தாண்டக் கூடாது என்ற பிடிவாதம் இப்போது ஆபத்து.

அடுத்தது உப்பு. பிரஷர் மாத்திரையில் குளோர்தாலிடோன் கலந்திருக்கிறது. அது சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும். நீங்கள் சாப்பாட்டிலும் உப்பை நிறுத்திவிட்டீர்கள், வெயிலுக்கு வெறும் தண்ணீரையும் நிறையக் கொடுக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் விழும். இயல்பு அளவு 135 முதல் 145. அது 125ஐ நெருங்கினால் சோர்வு, தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதயச் செயலிழப்பு, கால் வீக்கம், சிறுநீரகக் கோளாறு என்று எதுவும் எழுதியிராவிட்டால் உப்பில்லாச் சமையலை இன்றோடு விடுங்கள். நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூனுக்கு மிகாத உப்பு பிரஷர்காரருக்கும் உண்டு. ஊறுகாயும் அப்பளமும்தான் வேண்டாதவை.

மூன்றாவது அந்தத் தூக்க மாத்திரை. அல்பிரசோலம் குடும்பத்து மாத்திரைகள் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும், நடையைத் தள்ளாடவைக்கும், விழுங்கும் திறனையும் மந்தமாக்கும். ஆனால் மூன்று வாரம் பழகிய மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே படபடப்பும் பிதற்றலும் தரும். படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் கணக்கை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

இந்த வாரமே ஒரு பொதுநல மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ காட்டி சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அணுக்கள், சிறுநீர் ஆகிய பரிசோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். மலம் போய் எத்தனை நாளாயிற்று, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நான்கு நாள் மலச்சிக்கல் மட்டுமே ஒரு பாட்டியை ராத்திரி முழுக்கப் பிதற்றவைக்கும்.

வளையல் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களை மிகவும் சுட்டிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோகும்போது வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வீட்டார் கையில் கொடுப்பது வழக்கம். அரை மயக்கத்தில், யாரோ தன் கையைப் பிடித்து வளையலை உருவியது மட்டும் அத்தைக்கு நினைவிருக்கிறது போலும். வாங்கிக்கொண்டவர் நீங்கள்தானே? இது திருட்டுப் பட்டம் இல்லை, அறுந்துபோன ஒரு ஞாபகத்தின் துண்டு. வாதாடாதீர்கள். வளையலைக் கொண்டுவந்து காட்டி, கையில் வீக்கம் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் பகலெல்லாம் அணியவையுங்கள். கட்டில் எதிரே பெரிய எழுத்து நாள்காட்டி, ஒரு கடிகாரம். பகலில் ஜன்னல் திறந்து வெளிச்சம், இரவில் கழிவறை வழியில் சின்ன விளக்கு. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

பாலாடையை எடுத்து வையுங்கள்

ஐந்து நாள் தொண்டைக்குள் குழாய் இருந்த பிறகு விழுங்கும் தசைகள் பலவீனமாக இருக்கும். அந்தத் தொண்டையில், சாய்ந்து படுத்திருப்பவருக்குப் பாலாடையால் ஊற்றினால், விழுங்குவதற்கு முன்பே கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் வழிந்துவிடும். இரண்டாவது நிமோனியா இப்படித்தான் வரும். புரையேறுவது அதற்கான எச்சரிக்கை.

இனி நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, பாதம் தரையில் படும்படி, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்போது, டீஸ்பூனால் பாதி பாதியாகக் கொடுங்கள். தொண்டை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். வெறும் தண்ணீர்தான் இருப்பதிலேயே கடினமான உணவு, ஓடுவதில் அதுதான் வேகம். கூழ், கெட்டித் தயிர், குழைத்த பருப்புச் சோறு ஆகியவை மெதுவாக இறங்கும். சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கரகரப்பாக மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினாலோ ஒரு வாரத்தில் புரையேறுவது குறையாவிட்டாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவர் வழியாக விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரைப் பாருங்கள். காலையும் இரவும் பல் துலக்கிவிடுவது அழகுக்காக இல்லை, வாயிலுள்ள கிருமி நுரையீரலுக்குப் போகாமலிருக்க. இரவில் பல்செட்டைக் கழற்றி நீரில் போட்டுவிடுங்கள்.

மாத்திரைகளைப் பொடித்துக் கஞ்சியில் கலப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு, இருபத்துநான்கு மணி நேரத்தில் மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அத்தையின் சர்க்கரை மாத்திரை இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பொடிக்கக்கூடிய மாற்று மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள்.

குளுக்கோஸ் பாட்டிலும் முட்டையும்

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 100 கலோரி, அதாவது இரண்டு சின்ன இட்லி. புரதம் சுத்தமாகக் கிடையாது. ஏற்றிய அன்று தெம்பாகத் தெரிவது, உடம்பில் குறைந்திருந்த நீர் நிரம்புவதால். மறுநாள் பழைய கதைதான். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், சோடியம் குறைந்திருந்தால் இன்னும் விழும், ஊசி குத்திய இடம் வீங்கும். வாய்வழி சாப்பிட முடிகிற ஒருவருக்கு இது தேவையே இல்லை. நாத்தனாரிடம் இந்த இட்லிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

அத்தைக்கு வேண்டியது புரதம். நோயிலிருந்து தேறும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 48 கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் கூடுதலாக வந்தால் இந்த அளவை டாக்டர் மாற்றுவார். ஒரு டம்ளர் ரவைக் கஞ்சியில் இருப்பது மூன்று கிராம் அளவுதான். நான்கு டம்ளர் புகட்டியும் பன்னிரண்டு கிராம். பத்தியம் என்ற பெயரில் அத்தை பட்டினி கிடக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் இரண்டு இட்லியும் மசித்த ஒரு முட்டையும் பத்து கிராம். பதினோரு மணிக்கு 200 மி.லி. பால், ஆறு. மதியம் குழைந்த சோறு, ஒரு கைப்பிடிப் பருப்பு, முள் நீக்கிய இரண்டு துண்டு மீன் சேர்ந்து இருபத்தைந்து. மாலையில் வேகவைத்து மசித்த சுண்டல், ஆறு. இரவு தோசையோடு இன்னொரு முட்டை, பத்து. படுக்கும்முன் அரை டம்ளர் பால். அறுபது வந்துவிட்டது. எடுத்த எடுப்பில் இவ்வளவும் இறங்காது. முதல் வாரம் நாற்பதைத் தொட்டாலே நல்லது. சத்துப் பவுடர் வாங்குவதானால் டப்பாவின் பின்னால் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் முன்னதைவிடப் பின்னது அதிகம்.

மாடி அறையும் அக்னி நட்சத்திரமும்

மே 4 தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு பதினோரு மணிவரை அனலைக் கக்கும். அத்தையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள், கூடத்தை ஒட்டியே. பிள்ளைகளின் சத்தம் கேட்கட்டும். தனிமையைவிட அது நூறு மடங்கு நல்லது. மூத்த பையன் காலையில் பேப்பர் படித்துக் காட்டி 'இன்னிக்கு என்ன கிழமை பாட்டி' என்று கேட்பதும், சின்னவள் சாயங்காலம் கூட நடப்பதும் டெலிரியத்துக்கு எழுதித் தர வேண்டிய சிகிச்சைதான்.

ஏசி போட்டால் நிமோனியா திரும்பும் என்பது தவறு. 26, 27 டிகிரியில் வைத்து, காற்று முகத்தில் நேராக அடிக்காமல், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். ஏசி இல்லையென்றால் மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். அறை வெப்பம் 40ஐத் தொட்டால் அது சூட்டைத்தான் வாரி வீசும். கை, கால், கழுத்தில் ஈரத்துணி ஒற்றிவிட்டு விசிறி போடுங்கள்.

வயதானால் தாகம் மழுங்கிவிடும். 'தாகமில்லை' என்ற பதிலை நம்ப வேண்டாம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தாலொழிய, நாளுக்கு ஒன்றரை லிட்டர். காலையில் பாட்டிலில் அளந்து வைத்து மாலை ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் ராத்திரி கழிவறைக்கு எழுந்து விழுவது குறையும். உப்புப் போட்ட மோரும் இதில் சேர்த்தி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தால், பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மி.லி. என்று அட்டையில் உள்ளபடியே கரையுங்கள். ஒரு டம்ளரில் பெரிய பொட்டலத்தைக் கொட்டிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. இளநீர் நல்லதுதான், ஆனால் ஓர் இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் உண்டு. அத்தை சாப்பிடும் டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மருந்தும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது என்பதால், ரத்தப் பரிசோதனை வரும்வரை தினம் வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போல் விழுங்கவைக்காமல் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

உடல் கொதித்து, புத்தி தடுமாறி, மந்தமானால் அது வெயில் தாக்கு. பாராசிட்டமாலுக்குக் கேட்காது. உடம்பில் தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

எழுப்பும் முறை

கைப்பிடியுள்ள, உறுதியான, ஒன்றரை அடி உயர நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். முதல் மூன்று நாள், மூன்று வேளைச் சாப்பாடும் அதில். அரை மணியில் ஆரம்பித்து ஒரு மணி நேரம்வரை. படுக்கையிலிருந்து நேராக நிற்கவைக்காதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கிறுகிறுப்பு இல்லையென்றால்தான் அடுத்தது. படுத்திருக்கும்போதும், நிற்க முடிந்த பிறகு நின்று மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் பிரஷர் மாத்திரை இப்போது அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிற்கும் வித்தை எளிது. நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். பலரும் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். நீங்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பில் அகலத் துணி பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். காலை, மதியம், மாலை மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தால் போதும். பின்பு ஐந்து, பின்பு பத்து. நிற்க வந்ததும் வாக்கர் பிடித்துக் கழிவறைவரை. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 90க்குக் கீழே போனால் உட்காரவைத்துவிட்டு, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்டுக்குச் செலவாகும் என்று தயங்க வேண்டாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எழ முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

முதுகின் சிவப்பு: விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா பாருங்கள். வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. படுத்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். தேய்த்துவிடாதீர்கள், பவுடர் போடாதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம். மாறி மாறி ஊதும் காற்று மெத்தை கிடைத்தால் நல்லது. தோல் உரிந்தால் உடனே காட்டுங்கள்.

பழையபடி ஆவாரா?

சாதாரண நிமோனியாவிலேயே இருமலும் மூச்சிரைப்பும் நன்கு குறைய ஆறு வாரம், களைப்பு போக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். வென்டிலேட்டர்வரை போன 73 வயதுக்காரருக்கு இன்னும் கூடும். முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாதவர்களும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. நோய்க்கு முன் தானே குளித்து, தானே கடைக்குப் போய் வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல சகுனம். ஜூன் முடிவதற்குள் தானாகக் கழிவறை போய் வருவது என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆறு வாரத்தில் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இருமல் தொடர்ந்தால் சளியில் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். சர்க்கரைக்காரர்களிடம் அது நிமோனியா வேடத்தில் வருவதுண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். தேறிய பிறகு நிமோகாக்கல் தடுப்பூசியும், வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசியும் போடுங்கள்.

புதிதாகக் காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 92க்குக் கீழ், நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஒரு கால் மட்டும் வீக்கம், எழுப்பினாலும் எழாத தூக்கம். இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைதான்.

கொடைக்குப் போகலாமா?

ஊர்க்காற்றில் மருந்து இல்லை. ஆனால் அத்தையின் ஆசையில் இருக்கிறது. எழுந்து நடக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? ஊருக்குப் போவதுதான் அது என்று அவரிடமே சொல்லுங்கள். 'தானா எந்திரிச்சு நின்னா கொடைக்குப் போறோம் அத்தை' என்ற ஒரு வார்த்தை நான் சொல்லும் பயிற்சியைவிட வேலை செய்யும்.

ஒரு மாதம் தங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், இரண்டு இரவு என்றால் சரி. ஊர் வீட்டில் கழிவறை கொல்லையில், அதுவும் குத்தவைத்து உட்காரும் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தால் எழ மாட்டார், ராத்திரி கொல்லைக்குப் போனால் விழுவார். ஒரு கமோடு நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால், ஒன்றரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி இறக்கி நிற்கவைத்துப் போனாலும் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். மதியக் கொடை வெயிலும் வேண்டாம், சாமக்கொடைத் தூக்கக்கேடும் வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் போதும். கொதித்து ஆறிய தண்ணீர், மாத்திரைகள், சுகர் மிஷின், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அவசரம் என்றால் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பழி பற்றி. இந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது. இந்த வாரம் டாக்டரிடம் போகும்போது கணவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், நாத்தனாரைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள். போகலாம், போகக் கூடாது என்று டாக்டர் சொல்வதை மூவரும் ஒரே நேரத்தில் கேட்கட்டும். 'உன் இஷ்டம்' என்பது பதில் இல்லை என்று கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இரவு மூன்று மணிச் சர்க்கரைப் பரிசோதனை அவர் பொறுப்பு. நாத்தனாருக்கு அம்மா மேல் உள்ள அக்கறையும் வீணாக வேண்டாம், கொடைக்கு முன் ஒரு வாரம் திருச்சிக்கு வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்த வாரம் ராத்திரி தூங்குங்கள்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் ஒரு காலை இதைச் செய்து பாருங்கள்: கைப்பிடியை அழுத்தி யார் துணையும் இல்லாமல் மூன்று முறை எழுந்து உட்கார வேண்டும். வாக்கரோடு கழிவறைவரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு வாரமாகக் காய்ச்சல் இல்லை, ராத்திரிக் குழப்பம் அடங்கியிருக்கிறது, சாப்பிடும்போது புரையேறவில்லை, உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 94க்குக் குறையவில்லை. எல்லாம் சரி, டாக்டரும் சரி என்றால் வண்டி பேசுங்கள். ஒன்று குறைந்தாலும் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, வளையல் போட்ட கையில் போனைக் கொடுத்து, தீபாராதனையை ஊரிலிருந்து வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.